மகேஷ்குமாரின் நாற்பது வரிகள்

ஞாயிற்றுக்கிழமை காலை ஊர்க்காரர்கள் சங்கத்துக் கம்ப்யூட்டர் ரூமைச் செண்பகவல்லி திறந்தபோது உள்ளே வெக்கையே இல்லை. அதுதான் முதலில் உறுத்தியது. தாராவியில் தொண்ணூறு அடி ரோட்டை ஒட்டிய சந்தில், மாடியில், தகரக்கூரைக்குக் கீழே பன்னிரண்டு பழைய கம்ப்யூட்டர்கள் இரவு பகல் பாராமல் ஓடுகிற ரூம் அது. கதவைத் திறந்தால் இட்லிச் சட்டி மூடியைத் தூக்கினாற்போல் முகத்தில் ஆவி அடிக்க வேண்டும். அன்றைக்கு அடிக்கவில்லை. திரைகளில் வெளிச்சம் இருந்தது, விசிறிகள் பேருக்குச் சுற்றின, ஆனால் ஒரு கம்ப்யூட்டரும் ஒரு வேலையும் பார்க்கவில்லை. அவள் வாசலோரத்துக் கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்து 'ஷ்வாஸ்' திட்டத்தின் பக்கத்தைத் திறந்தாள். அணிகளின் வரிசையில் அவர்களுடைய அணி கடைசிக்குப் போயிருந்தது. பெயருக்குக் கீழே இங்கிலீஷில் ஒரு வரி இருந்தது. புனையப்பட்ட முடிவுகள், அணி விலக்கப்பட்டது என்று அதற்கு அர்த்தம். அந்த அணியின் பெயர் 'மகேஷ்குமார், தாராவி'.

மகேஷ்குமார் அவளுடைய தம்பி. செத்து மூன்று வருஷம் ஆகிறது. செத்தவனை ஒருத்தர் கள்ளன் என்று எழுதிவைத்திருக்கிறார், அதை உலகம் முழுக்கப் பார்க்கிற இடத்தில் எழுதிவைத்திருக்கிறார். செண்பகவல்லிக்குக் காது இரண்டும் சுட்டது.

இந்த ஷ்வாஸ் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். காசநோயில் ஒரு வகை இருக்கிறது, வழக்கமான மருந்துக்கெல்லாம் மசியாது. அதற்குப் புது மருந்து தேடுவது பெரிய கணக்கு. எந்த ஒரு கம்ப்யூட்டராலும் ஆயுசுக்கும் போட்டு முடியாது. அதனால் செம்பூரில் ஓர் ஆய்வு நிறுவனம் அந்தக் கணக்கைத் துண்டு துண்டாக்கி, சும்மா கிடக்கிற கம்ப்யூட்டரை வைத்திருப்பவர்கள் யாராக இருந்தாலும் ஆளுக்கு ஒரு துண்டு அனுப்பியது. சம்பளம் கிடையாது. கம்ப்யூட்டர் நம்முடையது, கரண்ட் நம்முடையது, கணக்கு அவர்களுடையது. ஊரான் வீட்டு நெய்யே என் பொண்டாட்டி கையே என்கிற கதைதான். ஆனாலும் நல்ல காரியம் என்று ஆயிரக்கணக்கான பேர் மனசோடு கொடுத்தார்கள். தாராவியில் அந்த நோயை யாரும் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. மகேஷுக்கே அதுதான் வந்தது. காலேஜ் முடித்து வேலையில் சேர்ந்த வருஷம் வந்தது. மருந்து தின்று தின்று காது மந்தமாகிப் போன பிறகு, படுக்கையில் சாய்ந்தபடியே லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு அவன் ஷ்வாஸில் சேர்ந்தான், சங்கத்துக் கம்ப்யூட்டர்களையும் சேர்த்துவிட்டான்.

அப்போதெல்லாம் ஷ்வாஸின் மூல நிரல் திறந்து கிடந்தது. எப்படிக் கணக்குப் போடுகிறது என்று யாரும் உள்ளே போய்ப் படிக்கலாம், குறை இருந்தால் திருத்தி அனுப்பலாம். கரண்ட் போனால் அதுவரை போட்ட கணக்கெல்லாம் வீணாகிவிடுகிறது என்பது பெரிய குறையாக இருந்தது. கரண்ட் போகாத தேசத்துக்காரர்களுக்கு அது குறையாகத் தெரியவில்லை. மகேஷ் உட்கார்ந்து நாற்பது வரி எழுதினான். கணக்கை அவ்வப்போது சேமித்து வைத்துக்கொண்டு, கரண்ட் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்கிற நாற்பது வரி. செம்பூர்க்காரர்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். நன்றி சொல்லி வந்த மெயிலை அவன் சந்தில் போகிற வருகிறவர்களுக்கெல்லாம் கூப்பிட்டுக் காட்டினான். அவன் போன பிறகு அணிக்கு அவன் பேரை வைத்தவள் செண்பகவல்லிதான். போன வருஷம் ஒருநாள் ஷ்வாஸ்காரர்கள் மூல நிரலை மூடிவிட்டார்கள். மோசடியைத் தடுப்பதற்காக என்று இரண்டு வரி அறிவிப்பு. அவள் அன்றைக்கு அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தேரிக்கு வேலைக்குப் போய்வருகிற களைப்பில் யார் கவனிப்பது?

அப்பா தளவாய் மாடியேறி வந்தார். தோல் பட்டறையில் சங்கு ஊதி உள்ளே போய், சங்கு ஊதி வெளியே வந்தே வாழ்க்கையைக் கழித்தவர். வேலையிலிருந்து நின்ற பிறகு இந்த ரூம்தான் அவருடைய பட்டறை. கம்ப்யூட்டரைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் தூசி தட்டுவார், பூட்டுவார், திறப்பார், பிள்ளைகள் காலை மேலே போட்டால் அதட்டுவார். மகளுடைய முகத்தைப் பார்த்ததும் நின்றார்.

"என்னட்டி, ஏன் இப்படி இருக்க?"

"நம்ம டீம தூக்கிட்டாவப்பா. பொய்க் கணக்கு அனுப்பிட்டோமாம்."

"யாரு, நாமளா? பொய்க் கணக்கு அனுப்பி நமக்கு என்னத்துக்கு ஆவப்போவுது?"

நியாயமான கேள்வி. அவள் பழைய முடிவுகளைத் தேடிப் பார்த்தாள். வருஷக்கணக்காக ஒரு குறையும் இல்லை. ஆயுத பூஜைக்கு மறுநாள் அனுப்பிய பன்னிரண்டு முடிவு மட்டும் தள்ளப்பட்டிருந்தது. ஒரே துண்டை இரண்டு மூன்று பேருக்கு அனுப்பி விடை ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது அவர்கள் வழக்கம். பன்னிரண்டும் ஒத்துப்போகவில்லை.

"பூஜைக்கு என்ன செஞ்சிய?"

"என்ன செய்வாவ? தொடச்சு, சந்தனம் குங்குமம் வெச்சேன். ஆயுதம் அன்னிக்கு ஓடக் கூடாதுல்லா, மெயின இறக்கிட்டேன். நல்ல நேரம் பத்தரைக்கு. டாண்ணு பத்தரைக்கு இறக்குனேன். மறுநா காலைல ஏத்திட்டேன்."

மெயினை இறக்கியதில் என்ன இருக்கிறது? கரண்ட் எத்தனையோ தடவை போயிருக்கிறது. மழைக்காலத்தில் ஒரு வாரம்கூட விட்டு விட்டுப் போயிருக்கிறது. அப்போதெல்லாம் வராத பொய் இப்போது எப்படி வந்தது? செண்பகவல்லிக்கு வேலையே மென்பொருள் சோதிப்பதுதான். அடுத்தவர் எழுதியதில் பிழை தேடுவதற்குத்தான் கம்பெனி சம்பளம் கொடுக்கிறது. எந்தச் சோதனையில் தோற்றோம் என்று சொன்னால் போதும், ஏன் தோற்றோம் என்று அவளே கண்டுபிடித்துவிடுவாள். அதைத்தான் ஷ்வாஸின் இணைய மன்றத்தில் எழுதிக் கேட்டாள். சோதிக்கிற முறை ரகசியம் என்று பதில் வந்தது. மறுபடி கேட்டாள். மறுபடி அதே பதில், எழுத்து மாறாமல். மூன்றாவது தடவை அவள் கொஞ்சம் சூடாக எழுதினாள். திட்டத்தின் தலைவரே நேரில் பேசலாம் என்று கூப்பிட்டார்.

சங்கத்துச் செயலாளர் சுடலைக்கண்ணன் கிளம்பும் முன்னால் ஒரு யோசனை சொன்னார். "எதுக்கும்மா வீண் லஃப்டா, வம்பு? ஒரு ஸாரி போட்டா முடிஞ்சுது. நம்ம பேரு அங்க இருந்தா என்ன, இல்லாட்டா என்ன, தாராவியில எவன் அத பாக்கான்?"

"நான் பாக்கேன்லா அண்ணாச்சி," என்றாள் செண்பகவல்லி.

தலைவரின் பெயர் சுந்தரராமன். செம்பூரில், மரங்கள் அடர்ந்த வளாகத்தில், ஏசி போட்ட அறை. மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்தவர் என்பது அவர் வாயைத் திறந்ததும் தெரிந்தது. பாலக்காட்டுத் தமிழ், பம்பாயில் ஊறியது. ஒரு நொடி அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. சண்டை போடுவதென்றாலும் தமிழில் போடலாமே.

"வாங்கோ, உக்காருங்கோ. காபி சாப்பிடறேளா?"

"வேண்டாம் சார். எங்க டீம் பேருக்குக் கீழ எழுதியிருக்கீங்கள்ல, அத எத வெச்சு எழுதினீங்கன்னு தெரியணும்."

"நான் எழுதலைம்மா. சிஸ்டம் எழுதறது."

"அப்ப அந்த சிஸ்டத்தோட சோர்ஸ் கோட காட்டுங்க."

சுந்தரராமன் பொறுமையாகச் சிரித்தார். நல்ல மனுஷர்தான், அதில் சந்தேகமில்லை. காசநோய்க்கு மருந்து தேடுகிறவர் கெட்டவராக இருப்பாரா? வரிசையில் முதலிடம் பிடிக்கிற ஆசையில், கணக்கே போடாமல் விடையை இட்டுக்கட்டி அனுப்புகிற ஆட்கள் உலகத்தில் இருக்கிறார்கள் என்று விளக்கினார். எப்படிப் பிடிக்கிறோம் என்று தெரிந்தால் அவர்கள் அதற்குத் தப்புகிற வழியைக் கண்டுபிடிப்பார்கள். ஒரு பொய் விடை உள்ளே போனால் ஒரு மருந்து தப்பிப் போகலாம். "பூட்டு எப்படி பண்ணிருக்குன்னு திருடன்கிட்ட காட்டுவாளோ?" என்று முடித்தார்.

"பூட்டு உங்க வீட்டுல இல்ல சார். எங்க கம்ப்யூட்டர்ல இருக்கு. எங்க வீட்டுக்குள்ள வந்து பூட்டு போட்டுட்டு, அதுக்குள்ள என்ன இருக்குன்னு எங்ககிட்டயே சொல்ல மாட்டேங்கீங்க."

"நீங்களா சேர்ந்தது. யாரும் கட்டாயப்படுத்தலையே."

"சேரும்போது தெறந்து இருந்துச்சு."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். குரலைத் தாழ்த்தினார். "தப்பா எடுத்துக்காதீங்கோ. பன்னெண்டு மெஷின், ஒரே ரூம், எல்லாம் ஒரே நேரத்துல நின்னு, ஒரே நேரத்துல ஸ்டார்ட் ஆயி, எல்லாத்துலயும் விடை தப்பு. அட்ரஸ் பார்த்தா தாராவி. அங்கே பேஸ்ட்லேர்ந்து ஷூ வரைக்கும் டூப்ளிகேட் பண்றா. நீங்களே சொல்லுங்கோ, பார்க்கறவாளுக்கு என்ன தோணும்?"

செண்பகவல்லிக்கு வாய்வரை பதில் வந்தது. வந்ததெல்லாம் அந்த அறையில் சொல்லக்கூடியதாக இல்லை. இந்த ஊரில் பாதிப் பேர் காலில் கிடக்கிற தோல் எங்கள் அப்பா கையால் தேய்த்தது, அதில் எது டூப்ளிகேட் என்று கேட்க நினைத்தாள். உங்கள் ஒரிஜினலுக்குள் ஓடுவது எங்கள் வீட்டுப் பையன் எழுதியது என்று சொல்ல நினைத்தாள். கடைசியில் அதை மட்டும் சொன்னாள்.

"கரண்ட் போனா கணக்கு சேமிக்கிற பகுதி இருக்கே, அது என் தம்பி எழுதினது. மகேஷ்குமார்."

"ஓ." அவருக்கு அந்தப் பெயர் நினைவில்லை என்பது தெரிந்தது. "அப்படி நிறைய பேர் எழுதிக் குடுத்திருக்கா. எல்லாருக்கும் நன்றி சொல்லிருக்கோம், கேட்டேளா? சரி, ஒண்ணு பண்ணலாம். தெரியாம நடந்துடுத்து, வருந்தறோம்னு ஒரு மெயில் போடுங்கோ. நான் அந்த வரியை சத்தமில்லாம எடுத்துடச் சொல்றேன்."

"செய்யாததுக்கு எதுக்கு சார் வருந்தணும்?" என்று கேட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டாள். வாசலில் காவலாளி நீட்டிய வருகையாளர் அட்டையைத் திருப்பிக் கொடுக்க மறந்து, அதைப் பையிலேயே வைத்துக்கொண்டு ஸ்டேஷன் வரைக்கும் போய், திரும்ப நடந்து வந்து கொடுத்தாள். கள்ளப் பட்டம் ஒன்று போதும், இரண்டாவது வேண்டாம்.

ஹார்பர் லைன் ரயிலில் குர்லா வந்து, சயன் ரயிலுக்கு மாறுகிற பாலத்தில் கூட்டம் அவளைத் தூக்கிக்கொண்டு போனது. கோபத்தில் உடம்பு லேசாக இருந்தது. நாங்கள் கொடுக்கும்போது எல்லாருக்கும் பொது என்கிறார்கள், திருப்பிக் கேட்கும்போது எங்களுடையது என்கிறார்கள். இதற்குப் பெயர் என்ன? வாங்கி வைத்துக்கொண்டு கதவைச் சாத்துகிறவன் விஞ்ஞானி, வெளியே நின்று தட்டுகிறவன் திருடனா? பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, அது இதுதான். வீட்டில் அம்மா பானுமதி விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கீரை ஆய்வதை நிறுத்தினாள்.

"கள்ளன்னே எழுதியிருக்கானுவளா?"

"அப்படித்தாம்மா அர்த்தம்."

"அவன் படுத்த படுக்கையில எழுதிக் குடுத்தானட்டி," என்றாள் அம்மா. பிறகு கீரையைத் தள்ளிவைத்துவிட்டு உள்ளே போய், பரணில் துணி சுற்றி வைத்திருந்த லேப்டாப்பைத் தானே இறக்கிக் கொண்டுவந்து மகள் முன்னால் வைத்தாள்.

மூன்று வருஷமாக அதை யாரும் திறக்கவில்லை. சார்ஜரில் போட்டு வெகுநேரம் கழித்துத்தான் உயிர் வந்தது. திறந்து கிடந்த காலத்து ஷ்வாஸ் முழுக்க அதில் இருந்தது, நாற்பது வரியும் இருந்தன. தலைப்பில், இங்கிலீஷ் எழுத்தில் தமிழாக, 'கரண்ட் போனா கவலையில்லை' என்று மகேஷ் குறிப்பு எழுதியிருந்தான். செண்பகவல்லி அந்த வரிகளைத் திரும்பத் திரும்பப் படித்தாள். ஆபீஸில் ஒருத்தர் எழுதியதைப் படிக்கிற மாதிரி படிக்கவில்லை. அவன் பேசுவதைக் கேட்பது மாதிரிப் படித்தாள். அப்படிப் படித்தால் பிழை எங்கே தெரியும்?

அன்று சாயங்காலமே அந்த நாற்பது வரிகளை இணையத்தில் யாரும் பார்க்கிற பொது இடத்தில், தன் பக்கத்தில், போட்டாள். இது என் தம்பி எழுதிக் கொடுத்தது, இப்போது இது ஷ்வாஸின் பூட்டுக்குள்ளே இருக்கிறது, எங்கள் அணியைக் கள்ள அணி என்கிறார்கள், இதில் களவு எங்கே இருக்கிறது என்று யாராவது காட்டுங்கள் என்று மேலே எழுதினாள். ஆயுத பூஜை, மெயின் இறக்கிய நேரம், தள்ளப்பட்ட பன்னிரண்டு முடிவு எல்லாவற்றையும் ஒளிக்காமல் சேர்த்தாள். எழுதி முடித்ததும் ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது. எங்கெங்கோ இருந்தெல்லாம் ஆட்கள் வந்து அவளுக்காகக் கொதித்தார்கள். மூடின கதவைத் திற என்று மன்றத்தில் கோஷமே எழுந்தது.

நான்காம் நாள், தாணேப் பக்கம் கல்வாவிலிருந்து பரீஹா என்கிற காலேஜ் பெண் எழுதினாள். அவளும் ஷ்வாஸுக்குத் தன் லேப்டாப்பைக் கொடுத்திருப்பவள். "தீதி, நீங்கள் கேட்டபடி தேடினேன். களவு இல்லை. ஆனால் தவறு இருக்கிறது. முப்பத்தோராம் வரி," என்று அக்கா முறை வைத்து ஹிந்தியில் தொடங்கியிருந்தாள். நிரல் ஒவ்வோர் அரை மணிக்கும், கடிகாரத்தைப் பார்த்துக் கணக்கைச் சேமிக்கிறது. புதியதைத் தனியாக எழுதி முடித்துவிட்டு, பிறகுதான் பழையதை நீக்க வேண்டும். மகேஷ் பழையதின் மேலேயே எழுதியிருக்கிறான். எழுதிக்கொண்டிருக்கிற அந்தச் சில நொடியில் கரண்ட் போனால் பாதி புதுசும் பாதி பழசுமாக நின்றுவிடும். மறுபடி ஏற்றும்போது நிரல் அதையே சரி என்று நம்பித் தொடரும். மற்ற நேரத்தில் கரண்ட் போனால் ஒன்றும் ஆகாது. உங்கள் அப்பா சரியாகப் பத்தரைக்கு இறக்கியிருக்கிறார். திருத்தம் கீழே இருக்கிறது, பிடித்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். உங்கள் தம்பியின் தமிழ்க் குறிப்புக்கு ஒரு தோழியிடம் அர்த்தம் கேட்டுச் சிரித்தேன், எங்கள் பக்கமும் கரண்ட் அப்படித்தான்.

செண்பகவல்லிக்கு முதலில் வந்தது ஆத்திரம். யார் இவள்? நேற்று முளைத்தவள், செத்தவன் எழுதியதில் குற்றம் சொல்ல வந்துவிட்டாள். நாலு நாளாக நெருப்பாக எரிந்த கோபம் சரக்கென்று திரும்பி அந்தப் பெண்ணைப் பார்த்தது. பரீஹாவின் குறிப்பை அழித்துவிடலாம். இடம் செண்பகவல்லியுடையது, ஒரு சொடுக்குப் போதும். அழித்தால் யாருக்கும் தெரியாது, மகேஷ் அப்பழுக்கு இல்லாதவனாகவே இருப்பான், ஊரும் அவள் பக்கம்தான். விரல் அந்தப் பொத்தான் வரைக்கும் போய்விட்டது. பூட்டாதே பூட்டாதே என்று ஊரைக் கூட்டியவள், ஒருத்தி உள்ளே வந்து எட்டிப் பார்த்ததும் கதவைச் சாத்தப் பார்க்கிறாள். வெட்கமாக இருந்தது. விரலை எடுத்துக்கொண்டாள்.

ஆனால் கோபம் போகவில்லை. அது தன் பழைய இடத்துக்குத் திரும்பிப் போனது, முன்னைவிடச் சூடாக. தவறு என்று அவர்கள் சொல்லியிருக்கலாமே! தவறு என்றால் உட்கார்ந்து பார்க்கலாம், திருத்தலாம், செய்தவன் மனுஷனாகவே இருப்பான். களவு என்றால் அதோடு முடிந்தது. பன்னிரண்டு விடை தப்பாக வந்தால் நிரலில் பிழை இருக்குமோ என்று முதலில் தேடாமல், முகவரியைப் பார்த்துத் தீர்ப்பு எழுதினார்களே, அதை எப்படிப் பொறுப்பது? நிரல் திறந்து கிடந்திருந்தால் பரீஹா மாதிரி ஒருத்தி போன வருஷமே இதைப் பிடித்திருப்பாள்.

அடுத்த ஞாயிறு சாயங்காலம் ஜன்னலோரத்துக் கம்ப்யூட்டரில் மகேஷின் பழைய ஷ்வாஸை ஏற்றி, விடை தெரிந்த ஒரு துண்டைக் கொடுத்து ஓடவிட்டாள். மெயினுக்குப் பக்கத்தில் அப்பாவை நிறுத்தினாள். நாலரைக்கு இறக்க வேண்டும் என்றதும் தளவாய் தயங்கினார்.

"ராகு காலம் பொறக்குத நேரமாட்டி பாத்தே?"

"கெட்டது நடக்குதான்னு பாக்கத்தானப்பா போறோம்."

நாலரை ஆனதும் பழைய ஹார்ட் டிஸ்க் கரகரவென்று அரைத்தது. இறக்குங்க என்றாள். ரூம் இருண்டது. மறுபடி ஏற்றி, கணக்கு முடியும்வரை இருவரும் டீகூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். விடை வந்தது. தப்பு. பரீஹாவின் திருத்தத்தைப் போட்டு, ஐந்தரைக்கு மறுபடி இறக்கச் சொன்னாள். இந்தத் தடவை விடை சரியாக வந்தது. அவள் அப்பாவுக்கு எல்லாவற்றையும் சொன்னாள். எப்படிச் சுற்றி வளைத்துச் சொன்னாலும் அது அந்தப் பத்தரை மணியில்தான் வந்து நின்றது.

தளவாய் மெயினைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப நாந்தான் அவன் பேரக் கெடுத்தேனா?"

"நீங்க நல்ல நேரம் பாத்து இறக்குனிய. அவன் கடிகாரம் பாத்து எழுதியிருந்தான். ரெண்டு பேரும் ஒண்ணும் களவாங்கல."

"அவன் எழுதினதுல தப்பு இருக்குன்னு சொல்லுத."

"ஆமாப்பா. ஒரு வரி."

"இருந்தாம்னா இதுக்குள்ள சரி பண்ணியிருப்பான்," என்றார். எழுந்து போய்ப் பக்கத்துக் கம்ப்யூட்டரை, தூசியே இல்லாததை, துடைக்க ஆரம்பித்தார்.

சோதனையில் கண்டதை அவள் அப்படியே பொதுவில் எழுதினாள், சுந்தரராமனுக்கும் அனுப்பினாள். பதில் வரவில்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை ஷ்வாஸின் புதுப் பதிப்பு வந்தது. 'மின்வெட்டு நேரங்களில் சேமிப்பு மேம்படுத்தப்பட்டுள்ளது' என்று அறிவிப்பில் ஒரு வரி. பரீஹாவின் பெயர் இல்லை, மகேஷின் பெயர் இல்லை, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வழியும் இல்லை. பொதுவில் கிடந்ததைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு மறுபடி பூட்டிவிட்டார்கள். அணியின் பெயருக்குக் கீழே அந்த வரி அப்படியே இருந்தது. ஆபீஸ் கேன்டீனில் போனில் அதைப் பார்த்த செண்பகவல்லி தட்டை நகர்த்திவைத்தாள். எங்கள் திருத்தத்தை எடுத்துக்கொண்டீர்கள், பட்டத்தை மட்டும் ஏன் விட்டுவைத்தீர்கள் என்று கேட்டு எழுதினாள். இந்தத் தடவை பதில் உடனே வந்தது. இரண்டும் தொடர்பில்லாத விஷயங்கள் என்றது அந்தப் பதில்.

அதற்குப் பிறகு அவள் செம்பூருக்கு எழுதவில்லை. ஞாயிறு வந்ததும் சங்கத்து ரூமுக்குப் போய் பன்னிரண்டு கம்ப்யூட்டரிலிருந்தும் ஷ்வாஸை ஒவ்வொன்றாக நீக்கினாள். சுடலைக்கண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னம்மா, தரும காரியத்த நிறுத்திட்டியா?" என்றார். நிறுத்தவில்லை, நிரலைத் திறந்து காட்டுகிற வேறு ஆட்கள் இருக்கிறார்களா என்று பரீஹா தேடிக்கொண்டிருக்கிறாள் என்றாள். அவருக்கு அது புரிந்த மாதிரி தெரியவில்லை. ரூம் நன்றாக ஆறிப் போயிருந்தது.

கடைசியாக அவள் மகேஷின் நாற்பது வரி இருந்த பக்கத்தைத் திறந்தாள். பரீஹாவின் திருத்தம் ஏற்பதற்காகக் காத்துக்கொண்டிருந்தது. அப்பாவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு ஏற்றுக்கொண்டாள். முப்பத்தோராம் வரி சிவப்பானது, அதன் முன்னால் ஒரு கழித்தல் குறி விழுந்தது. அதற்குக் கீழே பச்சையில் புது வரி வந்தது. சிவப்புக்கு நேரே மகேஷ்குமார், பச்சைக்கு நேரே பரீஹா.

"இத அந்த செம்பூர்க்காரருக்குக் காட்டினியா?"

"எல்லாருக்கும் தெரியுத எடத்துலதானப்பா இருக்கு. வேணும்னா வந்து பாத்துக்கிடட்டும்."

தளவாய்க்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. "இதுல நம்மவன் எழுதினது எது?" என்று கேட்டார். செண்பகவல்லி அவருடைய ஆள்காட்டி விரலைப் பிடித்துச் சிவப்பு வரியின்மேல் வைத்தாள். அடித்துப் போட்டிருக்கே என்று அவர் கேட்பார் என்று எதிர்பார்த்தாள். அவரோ தோலில் வடு பார்க்கிறவர் மாதிரி விரலை வரியின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு மெதுவாக நகர்த்திக்கொண்டு போனார். வெளியே சந்தில் யாரோ ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்கள். யாரும் தொடாததால் திரை மங்கி அணைந்தது. அவள் மவுஸை அசைத்தாள். வெளிச்சம் திரும்பி வந்தபோது அவருடைய விரல் அந்த வரியின் கடைசி எழுத்தில் அப்படியே இருந்தது.